அளாப்பிறவனை யார் பிடிக்கிறது?

அளாப்பிறது எண்டால் என்ன எண்டு எங்களுக்கு யாரும் அகராதி பார்த்துச் சொல்லித் தரேல்ல. கிளித்தட்டில் அடி பட்ட பிறகும் "படேல்ல" எண்டு நிக்கிறவன், கிரிக்கெட்டில் பந்து பட்டில் உரசினது தெரிஞ்சும் வாய் திறக்காதவன், ஒளிச்சுப் பிடிச்சு விளையாடேக்க விரலிடுக்கால் பார்த்துக்கொண்டு எண்ணுறவன் எல்லாரும் அளாப்பிகள்தான். அந்த விளையாட்டுகளுக்கு நடுவர் கிடையாது. எழுதி வைச்ச விதியும் கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு பின்னேரமும் விளையாட்டு நடந்தது.

ஏன் நடந்தது எண்டு யோசிச்சால் மூன்று காரணம் சொல்லலாம். எல்லாரும் ஒரே நிலத்தில் நிண்டு ஒரே விசயத்தைப் பார்த்தோம். ஆளுக்கு ஆள் முகம் தெரியும், வீடும் தெரியும். நாளைக்கும் அதே ஆக்களோடதான் விளையாட வேணும்.

ஒன்லைன் கேம் இந்த மூன்றையும் இல்லாமல் ஆக்கிவிட்டது. எதிரில நிக்கிறவன் வேறொரு நாட்டில, வேறொரு திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனுக்கு முகம் இல்லை, ஒரு புனைபெயர் மட்டும்தான். இந்த ஆட்டம் முடிஞ்சால் வாழ்நாளில் அவனைத் திரும்பச் சந்திக்கப் போவதில்லை. கடந்த முப்பது வருசமா கேம் நிறுவனங்கள் அளாப்பிகளோட நடத்துற சண்டையை, இழந்த இந்த மூன்றுக்கும் பதிலாக எதையாவது கட்டுற முயற்சியாகத்தான் நான் பார்க்கிறேன். கட்டின ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை இருந்தது. அந்த விலையைப் பெரும்பாலும் கட்டினது ஒழுங்கா விளையாடினவன்தான் எண்டதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வாற விசயம்.

கணக்குப் புத்தகம் யாரிட்ட இருக்குது?

முதலில் ஒரு அடிப்படை. ஒன்லைன் கேம் ஒன்று இரண்டு இடத்தில் ஓடுது. ஒன்று உங்கட கொம்பியூட்டரில அல்லது போனில. மற்றது நிறுவனத்தின்ர சேர்வரில. உங்களிட்ட எத்தனை தோட்டா இருக்கு, எவ்வளவு உயிர் மிச்சம், நீங்கள் எந்த இடத்தில் நிக்கிறீங்கள் எண்ட கணக்கை யார் வைச்சிருக்கிறது எண்டதுதான் முழுப் பிரச்சினையும். கணக்குப் புத்தகம் உங்கட வீட்டில இருந்தால், நீங்கள் அதைத் திருத்தலாம்.

1997 புதுவருசத்தை ஒட்டி பிளிசார்ட் நிறுவனத்தின் 'டயப்லோ' வந்தது. அதோட சேர்த்து 'பட்டில் நெட்' எண்ட இலவச ஒன்லைன் சேவையும் வந்தது. அந்தக் கேமில் உங்கட பாத்திரம், அதின்ர பலம், சேர்த்த வாள், கவசம் எல்லாம் உங்கட சொந்த ஹார்ட் டிஸ்க்கில்தான் சேமிக்கப்பட்டது. பிறகென்ன? அந்தக் கோப்பைத் திறந்து இலக்கங்களை மாற்றத் தெரிஞ்சவன் எல்லாம் வீரன் ஆனான். மாதக்கணக்கா இருந்து விளையாடினவனும் அஞ்சு நிமிசத்தில் கோப்பைத் திருத்தினவனும் ஒரே களத்தில் நிண்டார்கள். 2000 ஆம் ஆண்டு 'டயப்லோ 2' வந்தபோது, ஒன்லைனில் விளையாடுறவர்களுக்காக நிறுவனம் பாத்திரங்களைத் தன்ர சேர்வரிலேயே வைத்துக்கொண்டது. அதிலும் பொருட்களை இரட்டிப்பாக்குற ஓட்டைகளைக் கண்டுபிடிச்சார்கள். ஆனாலும் பாடம் தெளிவாகிவிட்டது: விளையாடுறவன்ர கொம்பியூட்டர் சொல்லுறதை அப்படியே நம்பக் கூடாது.

அப்போ எல்லாக் கணக்கையும் சேர்வரிலேயே வைச்சால் முடிஞ்சுதே எண்டு நீங்கள் கேக்கலாம். சுடுற கேம்களில் அது அவ்வளவு லேசில்லை. இஞ்ச இருந்து சிங்கப்பூர் சேர்வருக்கு ஒரு தகவல் போய்த் திரும்பி வர, நல்ல இணைப்பிலும் பத்துக்கணக்கான மில்லிசெக்கன் எடுக்கும். மூலையால் ஒருவன் வெளிக்கிடுற நேரத்தில்தான் "அவன் இங்க நிக்கிறான்" எண்ட தகவலை அனுப்பினால், உங்கட திரையில் அவன் வெறும் காற்றில இருந்து திடீரெண்டு முளைப்பான். அதனால சேர்வர் அவன் சுவருக்குப் பின்னால நிக்கேக்கையே அவன்ர இடத்தை உங்கட கொம்பியூட்டருக்குச் சொல்லி வைக்குது. திரையில் காட்டாது. ஆனால் தகவல் உள்ளுக்க வந்திட்டுது. அதை எடுத்துத் திரையில் கீறிக் காட்டுறதுதான் 'வோல்ஹக்'. ஒளிச்சுப் பிடிச்சு விளையாட்டில் விரலிடுக்கால் பார்த்த அதே வேலை. அந்த இடத்தை நோக்கித் துவக்கின்ர குறியைத் தானாகத் திருப்புறது 'எய்ம்பொட்'.

இந்த இரண்டுக்கும் அடியில் இருக்கிறது ஒரே பலவீனம். வேகம் வேணுமெண்டால் உங்கட கொம்பியூட்டரை ஓரளவு நம்பித்தான் ஆக வேணும்.

1999, நத்தார் வாரம்

இந்தப் பலவீனம் எல்லாருக்கும் வெளிச்சமானது 'குவேக்' கேமோட. ஐடி சொஃப்ட்வெயார் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோன் கார்மக், 1999 டிசம்பர் 21 ஆம் திகதி குவேக்கின் மூல நிரலைப் பொதுவில் விட்டார். யாரும் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். கேம் செய்யப் பழகுற பெடியளுக்கு அது பெரிய நத்தார் பரிசு. சில நாளிலேயே அளாப்புறதுக்கெண்டு மாற்றின குவேக்குகள் சேர்வர்களில் நடமாடத் தொடங்கின.

சிலர் "நிரலைத் திறந்து விட்டதால்தான் இவ்வளவும்" எண்டார்கள். திறந்த மென்பொருள் இயக்கத்தில் பெயர்போன எரிக் ரேமண்ட் அந்த வாரமே ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்னது வேறு. நிரல் மூடி இருந்தபோதும் ஓட்டை அங்கதான் இருந்தது. தெரியக்கூடாத தகவலை விளையாடுறவனிட்ட அனுப்புற வடிவமைப்புத்தான் பிழை. மூடி வைச்சது அந்தப் பிழையை மறைச்சு வைச்சது மட்டும்தான். கார்மக்கின் யோசனை இன்னொரு பக்கம் போனது. கேமுக்கும் சேர்வருக்கும் நடுவில் ஒரு சின்ன மூடிய நிரலை வைப்போம். அது கேம் கோப்பு மாற்றப்படாமல் இருக்கா எண்டு சரிபார்த்து உறுதி சொல்லட்டும் எண்டார்.

இந்த இரண்டு நிலைப்பாடும் இண்டைக்கு வரைக்கும் தொடருது. வடிவமைப்பைத் திருத்து எண்டது ஒன்று. விளையாடுறவன்ர வீட்டுக்குள்ள ஒரு காவல்காரனைப் போடு எண்டது மற்றது. முதலாவது கடினம், மெதுவானது. இரண்டாவது கெதியா செய்யலாம். பெரும்பாலான நிறுவனங்கள் எதைத் தெரிஞ்செடுத்தன எண்டு சொல்லத் தேவையில்லை.

அட்மின் இருந்த காலம்

2000 ஆம் ஆண்டு டொனி ரே எண்டவர் 'பங்க்பஸ்டர்' எண்ட காவல் மென்பொருளைத் தொடங்கினார். முதலில் அது 'ஹாஃப் லைஃப்' கேமைச் சுற்றி வந்தது. நினைவகத்தில் தெரிஞ்ச ஹக் ஏதும் இருக்குதா எண்டு தேடும். விளையாடுறவன்ர திரையைப் படமெடுத்து சேர்வர் நடத்துறவருக்கு அனுப்பும். 2001 இல் அசூஸ் நிறுவனம் தன்ர கிராபிக்ஸ் அட்டைகளுக்கு வெளியிட்ட ஒரு ட்ரைவரில் சுவரை ஊடுருவிப் பார்க்கிற வசதியே இருந்தது எண்டால் நிலைமையைப் பாருங்கோ. அளாப்பிறதை ஒரு விற்பனை அம்சமாகவே போட்டிருந்தார்கள். கேம் சமூகம் கொதிச்செழும்பினது.

2002 இல் வால்வ் நிறுவனம் 'கவுண்டர் ஸ்ட்ரைக்' கேமோட தன்ர சொந்தக் காவலைக் கொண்டுவந்தது. விளையாடுறவர்கள் அதைச் சுருக்கமா 'வாக்' எண்டு சொல்லுவார்கள். ஆரம்பத்தில் பிடிபட்டால் 24 மணித்தியாலத் தடை. சில வருசத்துக்குள்ளேயே அது நிரந்தரத் தடையாகிவிட்டது. வாக் கையாண்ட ஒரு உத்தி இண்டைக்கும் பல நிறுவனங்கள் கையாளுற உத்தி: பிடிச்ச உடனே தண்டிக்கிறதில்லை. சில நாள், சில கிழமை பொறுத்து, கன பேரை ஒரேயடியாகத் தடை செய்யிறது. உடனே தடுத்தால் ஹக் எழுதினவனுக்குத் தன்ர எந்த வரி காட்டிக்கொடுத்தது எண்டு விளங்கிவிடும்.

ஆனால் அந்தக் காலத்தில் அளாப்பிகளைக் கட்டுப்படுத்தினது மென்பொருள் மட்டும் எண்டு நினைச்சால் பிழை. அப்போ சேர்வர்களை நடத்தினது பெரும்பாலும் விளையாடுற ஆக்கள்தான். ஒரு குழு காசு சேர்த்து ஒரு சேர்வரை வாடகைக்கு எடுக்கும். அதில ஒரு அட்மின் இருப்பார். வழமையா வாற இருபது, முப்பது பேரை அவருக்குத் தெரியும். சந்தேகம் வந்தால் பார்வையாளராக நிண்டு அவன்ர கண்ணால ஆட்டத்தைப் பார்ப்பார், பதிவை எடுத்துப் பார்ப்பார், பிறகு வெளியில போடுவார். பிழையாகப் போட்டால் மற்றவர்கள் கதைச்சுத் திருப்பி எடுப்பார்கள். ஊர் விளையாட்டின் இரண்டாவது, மூன்றாவது காரணங்கள் அங்க உயிரோட இருந்தன.

எங்கட நெட் கஃபேக்களில் முதலாவது காரணமும் இருந்தது. கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 ஓடின அந்தக் கொம்பியூட்டர்களில் பெரும்பாலும் இருந்தது காசு குடுத்து வாங்காத கொப்பி. வாக் அதை எட்டியும் பாராது. ஆனால் பக்கத்து ஆளின்ர திரை ஒரு முழம் தூரத்தில. சுவருக்குள்ளால ஆள் தெரிஞ்சால் பின்னால நிண்டு தங்கட முறைக்குக் காத்திருக்கிற நாலு பேருக்கும் தெரியும். அதுக்குப் பிறகு நடக்கிறதை எந்த மென்பொருளாலும் செய்ய ஏலாது.

இந்த முறை மெல்ல மறைஞ்சது 2004 க்குப் பிறகு. அந்த வருசம் வந்த 'ஹேலோ 2' ஒரு பொத்தானை அழுத்தினால் தானாக எதிராளியைத் தேடித் தாற முறையைப் பிரபலமாக்கியது. வசதிதான், மறுக்கேல்ல. நிறுவனத்தின்ர சேர்வர், முன்பின் தெரியாத ஒன்பது பேர், ஆட்டம் முடிய எல்லாரும் பிரிவு. அட்மின் எண்ட மனிசனுக்கு அங்க வேலை இல்லை. அவர் செய்த வேலை முழுக்கக் காவல் மென்பொருளின் தலையில் விழுந்தது.

வேலி உள்ளுக்க வருது

2004 இல் தொடங்கின 'வேர்ல்ட் ஒஃப் வோர்க்ராஃப்ட்' கேமோட பிளிசார்ட் 'வோர்டன்' எண்ட காவலனை இறக்கியது. 2005 இல் பாதுகாப்பு ஆய்வாளர் கிரெக் ஹொக்லண்ட், வோர்டன் கொம்பியூட்டரில் திறந்திருக்கிற மற்ற ஜன்னல்களின் தலைப்புகளையும் வாசிக்குது எண்டு காட்டினார். அதாவது கேமுக்குச் சம்பந்தமில்லாத விசயங்களையும் அது பார்த்தது. டிஜிட்டல் உரிமைகளுக்காக வாதாடுற ஈ.எஃப்.எஃப். அமைப்பு அதை உளவு மென்பொருள் எண்டே சொன்னது. அதே வருசக் கடைசியில் இன்னொரு வேடிக்கை. சோனி பி.எம்.ஜி. தன்ர இசைத்தட்டுகளில் திருட்டுக் கொப்பியைத் தடுக்கவெண்டு ஒளிச்சு வைச்ச ஒரு மென்பொருள், குறிப்பிட்ட எழுத்துக்களில் தொடங்குற எந்தக் கோப்பையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும். அளாப்பிகள் தங்கட கோப்புகளுக்கு அந்தப் பெயரை வைத்து வோர்டனிட்ட இருந்து தப்பினார்கள்.

2010 இல் 'மொடர்ன் வோர்ஃபெயார் 2' விளையாடின சுமார் 12,000 பேரை வாக் பிழையாகத் தடை செய்தது. ஸ்டீம் தானே புதுப்பிச்ச ஒரு கோப்பை, ஆரோ கைவைச்சது எண்டு அது எடுத்துக்கொண்டது. வால்வ் தலைவர் கேப் நியூவெல் மன்னிப்புக் கேட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு கேமை இலவசமாகக் குடுத்தார். அது பெரிய எண்ணிக்கை, அதனால பிடிபட்டது. தனி ஒருவனுக்கு இப்படி நடந்தால் அவன் யாரிட்டப் போய் முறையிடுறது?

வேலியே பயிரை மேய்ந்த கதையும் உண்டு. அமெரிக்காவில் கவுண்டர் ஸ்ட்ரைக் போட்டிகளை நடத்தின ஈ.எஸ்.ஈ.ஏ. எண்ட நிறுவனத்திட்ட தனிக் காவல் மென்பொருள் ஒன்று இருந்தது. போட்டியில் விளையாட வேணுமெண்டால் அதைப் போட்டே ஆக வேணும். 2013 ஏப்ரலில் விளையாடுறவர்களின்ர கொம்பியூட்டர்கள் காரணமில்லாமல் சூடாகத் தொடங்கின. பார்த்தால், அந்தக் காவல் மென்பொருளுக்குள்ள ஒரு ஊழியர் பிட்கொயின் தோண்டுற நிரலை வைத்திருந்தார். சுமார் 14,000 கொம்பியூட்டர்கள் அவற்றின்ர சொந்தக்காரருக்குத் தெரியாமல் வேலை செய்து உழைச்சது 3,500 டொலர் அளவில்தான். நியூ ஜேர்சி மாநிலம் எடுத்த நடவடிக்கை 10 இலட்சம் டொலர் இணக்கத்தில் முடிந்தது. அங்க தங்கட கொம்பியூட்டரைக் குடுத்தவர்கள் அளாப்பிகள் இல்லை. அளாப்பிகள் இல்லாத ஆட்டம் வேணும் எண்டு நம்பிக்கையோட வந்த ஆக்கள்.

அளாப்பு ஒரு தொழிலாகுது

ஆரம்பத்தில் ஹக் எழுதினவர்கள் பெரும்பாலும் வித்தை காட்டத்தான் எழுதினார்கள். பிறகு காசு வந்தது. வோர்க்ராஃப்டில் நீங்கள் நித்திரை கொள்ளேக்க உங்களுக்காக விளையாடுற 'க்ளைடர்' எண்ட நிரல் 25 டொலருக்கு விற்பனையானது. 2008 செப்டெம்பர் வரைக்கும் 120,000 கொப்பி விற்று, 35 இலட்சம் டொலர் வருமானம் எடுத்ததாக நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவாகியிருக்குது. 2010 இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது கவனிக்க வேண்டியது: ஒப்பந்தத்தை மீறி பொட் வைத்து விளையாடுறது பதிப்புரிமை மீறல் ஆகாது, ஆனால் வோர்டன் எண்ட பூட்டை உடைக்கிற கருவியை விற்கிறது சட்டவிரோதம்.

2014 பெப்ரவரியில் கேப் நியூவெல் வெளியிட்ட ஒரு விளக்கம் இந்தத் தொழில் எவ்வளவு தூரம் வந்துவிட்டது எண்டு காட்டியது. காசுக்கு விற்கிற ஹக்குகள், காசு கட்டாதவன் பாவிக்கக் கூடாது எண்டதுக்காகத் தங்கட சொந்தச் சேர்வரோட பேசி உரிமத்தைச் சரிபார்க்கின்றன. அளாப்பிக் கருவியையே திருடி அளாப்பிறவர்கள் இருக்கினம், அவர்களைத் தடுக்க அதுக்கும் ஒரு காவல்! வால்வ் அந்தப் பேச்சின் தடயத்தைக் கொம்பியூட்டரில் தேடி 570 பேரைப் பிடித்தது.

பப்ஜி வந்த பிறகு எண்ணிக்கைகள் வேறு உலகத்துக்குப் போயிட்டுது. அதின்ர காவலான 'பட்டில்ஐ' நிறுவனம் 2018 ஜனவரிக்குள்ளேயே பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளைத் தடை செய்ததாக அறிவித்தது. அதே வருசம் ஏப்ரலில் சீனப் பொலிஸார் பப்ஜி ஹக் செய்து விற்ற 15 பேரைக் கைது செய்தார்கள். தண்டப் பணம் 3 கோடி யுவான். 2021 இல் சீனாவில் 'கோழிக்கால்' எண்டு பெயர் வைச்ச இன்னொரு கும்பல் பிடிபட்டபோது, பறிமுதல் செய்த சொத்துகளின் பெறுமதி சுமார் 4 கோடி 60 இலட்சம் டொலர். ஆடம்பரக் கார்களும் அதில அடக்கம். தென் கொரியா இதுக்கெண்டே 2016 இல் சட்டத்தைத் திருத்தியது. ஹக் செய்து பரப்பினால் 5 வருசம் வரை சிறை.

பெரிய முதலைகளுக்கு எதிரான சட்டம் சின்ன மீன்களையும் அள்ளினது. 2017 இல் 'ஃபோர்ட்நைட்' நிறுவனமான எபிக், அமெரிக்காவில் ஒருவருக்கு எதிராக வழக்குப் போட்டது. அவர் யூடியூபில் ஹக் ஒன்றைக் காட்டி வீடியோ போட்டவர், அதை எடுக்கச் சொன்னபோது எதிர்த்தவர். பிறகு பார்த்தால் அவருக்கு வயது 14. தாய் நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுத வேண்டி வந்தது. மகன் சிறுவன், அந்த விதிமுறை ஒப்பந்தத்துக்குப் பெற்றார் சம்மதம் குடுக்கேல்ல எண்டார். அந்தப் பெடியன் செய்தது சரியெண்டு சொல்ல வரேல்ல. ஊரில் இதுக்குத் தண்டனை ஒரு கிழமை ஆட்டத்தில் சேர்க்காமல் விடுறது. அங்க வழக்காகிவிட்டது.

அத்திவாரம் வரைக்கும்

இன்னொரு மாற்றமும் சேர்ந்தே நடந்தது. கேம்கள் இலவசமாகின. முன்னம் ஒரு தடை எண்டால் கேமைத் திரும்பவும் காசு குடுத்து வாங்க வேணும். அதே ஒரு தண்டம். ஃபோர்ட்நைட், பப்ஜி மொபைல் எல்லாம் இலவசம். 2018 டிசம்பரில் கவுண்டர் ஸ்ட்ரைக்கும் இலவசமானது. தடை விழுந்தால் அடுத்த நிமிசம் புதுக் கணக்கு. பப்ஜி மொபைலில் 10 வருசத் தடை எண்டு திரையில் வாறதைப் பார்த்துச் சிரிச்சுக்கொண்டு வேறு கணக்கில் வாறவனை நீங்களும் கண்டிருப்பீங்கள். கணக்கைத் தண்டிச்சுப் பிரயோசனம் இல்லை எண்டதால, நிறுவனங்கள் கருவியையே தண்டிக்கத் தொடங்கின.

அதுக்குக் கருவியின் அடிவேர் வரை போக வேணும். இயங்குதளத்தின் அத்திவாரமா இருக்கிற பகுதியைக் கேர்னல் எண்டு சொல்லுவார்கள். ஹக்குகள் ஏற்கனவே அங்க இறங்கிவிட்டன. மேல்மாடியில் நிக்கிற காவல்காரனுக்கு நிலவறையில் நடக்கிறது தெரியாது. ஆகவே காவலும் அங்க இறங்கினது. 2020 இல் ரயட் நிறுவனத்தின் 'வலோரன்ட்' வந்தபோது அதோட வந்த 'வான்கார்ட்', கேம் திறக்கும்போது இல்லை, கொம்பியூட்டர் இயங்கத் தொடங்கும்போதே ஏறி உட்கார்ந்தது. எதிர்ப்புக் கிளம்ப, அதில் ஓட்டை கண்டுபிடிச்சுத் தந்தால் 100,000 டொலர் வரை பரிசு எண்டு ரயட் அறிவித்தது.

பயம் வீணானது இல்லை எண்டு 2022 இல் தெரிஞ்சது. 'கென்ஷின் இம்பாக்ட்' கேமின் காவல் ட்ரைவரை எடுத்துக் கப்பம் கேக்கிற கும்பல் ஒன்று, வைரஸ் தடுப்பு மென்பொருட்களை நிறுத்தப் பாவித்ததை ட்ரெண்ட் மைக்ரோ நிறுவனம் வெளிப்படுத்தியது. அந்தக் கேம் இல்லாத கொம்பியூட்டரிலும் அந்த ட்ரைவரைக் கொண்டுபோய்ப் போட்டு வேலையை முடிக்கலாம்.

அளாப்பிகள் இன்னும் ஒரு படி கீழ போனார்கள். மதர்போர்டில் ஒரு அட்டையைக் குத்தி, நினைவகத்தை நேரடியா வாசிச்சு, இரண்டாவது கொம்பியூட்டருக்கு அனுப்பி, அங்க எதிரிகளின் இடத்தைப் பார்க்கிறார்கள். கேம் ஓடுற கொம்பியூட்டரில் ஹக் மென்பொருள் எதுவும் இல்லை. நிறுவனங்கள் பதிலுக்குப் பாதுகாப்புச் சிப் கேக்கின்றன. விண்டோஸ் 11 இல் வலோரன்ட் விளையாட டி.பி.எம். 2.0 கட்டாயம்.

இங்கதான் விலை யார் தலையில் விழுது எண்டு பார்க்க வேணும். அந்த அட்டையும் இரண்டாவது கொம்பியூட்டரும் வாங்கக் காசிருக்கிறவன் தப்புறான். கொழும்பில பாவிச்ச பழைய மெஷின் ஒன்றை வாங்கி, அதிலேயே படிச்சு, அதிலேயே விளையாடுற பெடியனுக்குச் சிப் இல்லை, ஆகவே கேம் இல்லை. அஞ்சு பேர் மாறி மாறிப் பாவிக்கிற கஃபே மெஷினில் ஒருத்தன் அளாப்பி, கருவித் தடை விழுந்தால் மற்ற நாலு பேரும் சேர்ந்து வெளியில. 2024 கடைசியில் 'அபெக்ஸ் லெஜென்ட்ஸ்' லினக்ஸ் பாவிக்கிற எல்லாரையும் ஒட்டுமொத்தமா நிறுத்தியது, அந்தத் தளத்தில் ஹக்குகளைப் பிடிக்கிறது கடினம் எண்டு.

விரலிடுக்கை மூடுறது

இவ்வளவும் சொன்னதால எல்லா முயற்சியும் வீண் எண்டு நினைக்க வேண்டாம். ரேமண்ட் சொன்ன பாதையிலும் சிலர் நடந்தார்கள். வலோரன்ட் வான்கார்டோட மட்டும் நிக்கேல்ல. எதிராளி கண்ணில் படப் போற கடைசி நேரம் வரை அவன்ர இடத்தைச் சேர்வர் அனுப்பாமல் வைத்திருக்கிற முறையையும் கட்டினார்கள். அனுப்பாத தகவலை எந்த வோல்ஹக்காலும் காட்ட ஏலாது. இது உங்கட கொம்பியூட்டரில் எதையும் தோண்டேல்ல.

2014 இல் 'டைட்டன்ஃபோல்' அளாப்பிகளைத் தடை செய்யாமல், அளாப்பிகளோட மட்டும் விளையாட விட்டது. 2023 இல் வால்வ் 'டோட்டா 2' கேமுக்குள்ள ஒரு பொறி வைத்தது: ஒழுங்கா விளையாடுறவன்ர கேம் ஒருநாளும் வாசிக்காத ஒரு தகவல் துண்டு. அதை வாசிச்ச 40,000 கணக்குகளைத் தடை செய்தது. ஒழுங்கா விளையாடுறவன் அந்தப் பொறியில் விழ வழியே இல்லை எண்டதுதான் அதின்ர அழகு.

மனிசரைத் திரும்பக் கொண்டுவந்த முயற்சியும் நடந்தது. 2013 இல் கவுண்டர் ஸ்ட்ரைக்கில் 'ஓவர்வொட்ச்' எண்ட முறையை வால்வ் தொடங்கியது. அனுபவமுள்ள விளையாட்டுக்காரர்கள், பெயர் மறைச்ச ஒரு ஆட்டப் பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுவார்கள். பழைய அட்மினின் வேலையைப் பல பேருக்குப் பிரிச்சுக் குடுத்த மாதிரி. அந்தத் தீர்ப்புகளைப் பாடமாக வைத்து ஒரு இயந்திரத்தைப் பழக்கி, சந்தேகமான ஆட்டங்களை அதுவே பொறுக்கி மனிசருக்கு அனுப்ப வைத்ததை 2018 இல் வால்வ் விபரித்தது. இயந்திரம் சுட்டிக்காட்ட, மனிசர் முடிவெடுத்தார்கள்.

சாங்காய், 2018 ஒக்டோபர்

தெற்காசியாவில் கேம் விளையாடுற எல்லாருக்கும் தெரிஞ்ச கதை ஒன்று இருக்குது. சாங்காயில் நடந்த எக்ஸ்ட்ரீம்ஸ்லாண்ட் போட்டியில் ஒப்டிக் இந்தியா அணி வியட்நாமிய அணி ஒன்றோட கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாடிக்கொண்டிருந்தது. 'ஃபோர்சேக்கன்' எண்ட பெயரில் விளையாடினவரின் கொம்பியூட்டரில் 'வேர்ட் டொட் எக்ஸி' எண்ட பெயரில் ஒரு எய்ம்பொட் ஓடியது. போட்டி அதிகாரி அவரின்ர இருக்கைக்கு வந்து திரையைப் பார்க்க, அவர் அவசரமா அதை மறைக்கப் பார்த்தார். அணி வெளியேற்றப்பட்டது, கலைக்கப்பட்டது. அவருக்கு 5 வருசத் தடை.

மீம்களாகச் சிரிச்சு முடிச்ச கதை அது. ஆனால் அந்த அணியில் மிச்சம் நாலு பேர் இருந்தார்கள். அவர்களின்ர வருசக்கணக்கான பயிற்சியும் அண்டைக்கே போனது. அதுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில இருந்து போன ஒவ்வொரு அணியும் அந்தப் பகிடியைக் கேட்டுக்கொண்டுதான் விளையாட வேண்டியிருந்தது. கடைசியில் அவரைப் பிடிச்சது, நெட் கஃபேயில் பின்னால நிண்ட பெடியள் செய்த அதே வேலை: ஒரு மனிசன் வந்து திரையைப் பார்த்தது.

எங்கட ஊர்களிலும் இப்போ பாடசாலைப் பழைய மாணவர்கள், சனசமூக நிலையங்கள், பல்கலைக்கழகப் பெடியள் எண்டு கேம் போட்டிகள் வைக்கினம். கேர்னல் காவலுக்கு எங்களிட்டக் காசில்லை, அது தேவையும் இல்லை. இறுதிச் சுற்றையாவது எல்லாரையும் ஒரே மண்டபத்தில் இருத்தி வையுங்கோ. ஒவ்வொரு வரிசைக்குப் பின்னாலயும் கேம் தெரிஞ்ச ஒருவரை நிறுத்துங்கோ. ஆட்டப் பதிவுகளைச் சேமிச்சு, கேட்டால் பார்க்கக் குடுங்கோ. யாரிலயாவது சந்தேகம் வந்தால் பேஸ்புக்கில் பெயரைப் போட முதல் அவனைக் கூப்பிட்டு, பதிவை அவனுக்கு முன்னால போட்டுக் கேளுங்கோ. மோசமான இணைப்பில், கூடின பிங்கில் விளையாடுறவன்ர அசைவு மற்றவனுக்கு ஹக் மாதிரித்தான் தெரியும். அந்தப் பழி எங்கட ஆக்களுக்குப் புதிசில்லை.

உண்மையில அளாப்பியிருந்தால், இந்த வருசம் சேர்க்காதேங்கோ. அடுத்த வருசம் வந்தால் திரும்ப விளையாட விடுங்கோ.